துபாய் செல்லும் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் உள்ளது: எந்தக் காப்பீடு கைகொடுக்கும்?

சோகநாசினி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். என் தங்கையை ஆனைமலையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை துபாயில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறார், தங்கையும் குடும்ப விசாவில் அவருடன் வசிக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்திற்கு இங்கே வர மருத்துவர் அனுமதிக்காததால், அம்மாவும் அப்பாவும் 60 நாள் வருகை விசாவில் அங்கே போய் உடன் இருப்பதாக முடிவாகியுள்ளது.

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் நெடுநாளாக உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து இங்கே 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறோம். விசா ஏற்பாடு செய்யும் முகவரோ, விசாவுடன் ஒரு காப்பீடும் சேர்ந்தே வருவதால் வேறு எதுவும் தேவையில்லை என்கிறார். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக் குழுமத்துக்குத் துபாயிலும் கிளை இருப்பதால் இங்குள்ள அட்டையே அங்கும் செல்லும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பதானால் ஸ்டென்ட் விவரத்தைச் சொல்ல வேண்டுமா, சொன்னால் மறுத்துவிடுவார்களா என்பது எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. மாப்பிள்ளையின் நிறுவனம் அவருக்கு மட்டுமே காப்பீடு தருகிறதாம். அப்படியானால் தங்கையின் பிரசவச் செலவை யார் ஏற்பது? கேரள அரசின் வெளிவாழ் கேரளத்தவர் நலத் துறையான நோர்க்கா மூலம் ஒரு காப்பீடு வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டோம். அது எங்களில் யாருக்குப் பொருந்தும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோபாலபுரத்தான்:

சகோதரி, துபாயில் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் விசா, காப்பீட்டு வேலைகளைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், முதலில் உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் கவலை பெரும்பாலும் எளிதில் தீர்ந்துவிடும். துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படி அங்கே வசிப்பவர் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பணியாளருக்கு நிறுவனம் எடுத்துத் தர வேண்டும். மனைவி மக்களுக்கு, அவர்களுக்கு விசா பொறுப்பேற்றவர், அதாவது உங்கள் மாப்பிள்ளை, எடுத்திருக்க வேண்டும். காப்பீடு இல்லாமல் குடும்ப விசா வழங்கவோ புதுப்பிக்கவோ மாட்டார்கள் என்பதால், தங்கையின் பெயரில் ஒரு பாலிசி இப்போதே இருக்கும். நிறுவனம் தரவில்லை என்பதை வைத்து அவளுக்குக் காப்பீடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அந்தப் பாலிசியின் பயன்பட்டியலை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, மகப்பேறு என்ற பகுதியைப் படியுங்கள். குறைந்த ஊதியத்தாருக்கான அடிப்படைத் திட்டம் என்றால் ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹம். ஆனால் மகப்பேற்றுக்கு அதற்குள் தனியாக ஒரு சிறிய உச்சவரம்பு இருக்கும், பில்லில் ஒரு பங்கை நாமே செலுத்தவும் வேண்டும். எந்தெந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாம் என்ற பட்டியலும் அதில் இருக்கும். தெரிந்தவர் பார்க்கிறார் என்பதற்காகப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் கடைசி மாதம் வரை பார்த்துவிட்டு, பிரசவ நேரத்தில் முழுத் தொகையையும் கட்டிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். பிறக்கும் குழந்தைக்கு முதல் 30 நாட்கள் தாயின் பாலிசியே பாதுகாப்புத் தரும். அதற்குள் குழந்தையின் பெயரில் காப்பீடு எடுக்கும் வேலையை மாப்பிள்ளை தொடங்கிவிட வேண்டும்.

இந்த விதிகளைத் துபாய்க்கு மட்டுமே கொள்ளுங்கள். அபுதாபிக்குச் சட்டம் வேறு. சார்ஜா, அஜ்மான் முதலான வட அமீரகங்களில் தனியார் பணியாளருக்கு 2025 சனவரி 1 முதல்தான் காப்பீடு கட்டாயமானது.

உங்கள் பெற்றோர் விசாவுடன் வரும் காப்பீட்டைப் பொறுத்தவரை, முகவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அது பெரும்பாலும் அவசரச் சிகிச்சைக்கு மட்டுமான, சிறிய தொகைக்கான காப்பீடு. ஏற்கெனவே உள்ள நோய்களை அதில் விலக்கியே வைத்திருப்பார்கள். விசா பெறுவதற்கு அது போதும். உங்கள் அப்பாவுக்கு அது போதாது.

வாளையார் வழி:

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கேரள எல்லையோர மக்கள் நாள்தோறும் இதே கேள்வியுடன் வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறவினர் சொன்னது சரியல்ல. இங்கே நாம் எடுக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு, தனியாக வெளிநாட்டுப் பாதுகாப்புச் சேர்த்திருந்தாலன்றி, இந்திய எல்லைக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். பாலக்காட்டில் எடுத்த பாலிசி கோவையில் செல்லும், துபாயில் செல்லாது. மருத்துவமனைக் குழுமம் ஒன்றே என்பதால் எதுவும் மாறிவிடாது, ஏனெனில் ஒப்பந்தம் உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது.

ஆகவே இந்திய நிறுவனம் ஒன்றில், அவர்கள் இந்தியாவைவிட்டுக் கிளம்பும் முன்பே, வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். இது டாலர் கணக்கில் இருக்கும். விளம்பரத்தில் ஒரு லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு அதிகப் பொருள் இல்லை. நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது, ஏற்கெனவே உள்ள நோய் குறித்த பிரிவை. பெரும்பாலான பயணப் பாலிசிகளில் இத்தகைய நோய்களுக்கான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால் மட்டும், அதிலும் நோயாளி அபாய கட்டத்தைத் தாண்டும் வரை மட்டும், ஒரு தனி உச்சவரம்புக்குள் கொடுப்பார்கள். சில பாலிசிகளில் அந்தத் தனி வரம்பு மொத்தத் தொகையில் மிகச் சிறிய பகுதியாகவே இருக்கும். அது எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பாலிசிகளில் எது சிறந்தது என்பதை இந்த ஒரு வரியை வைத்தே தீர்மானிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

மூத்தோருக்கான பாலிசிகளில் வேறொரு கட்டுப்பாடும் இருக்கலாம்: அறை வாடகைக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு இவ்வளவு என்று உள்வரம்பு வைத்திருப்பார்கள். இத்தகைய உள்வரம்பு இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கச் சொல்வேன். டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நாம் ஏற்கும் தொகை. 100 டாலர் என்றால் அதற்குக் கீழ்ப்பட்ட சிறு மருத்துவச் செலவுகள் நம் கையிலிருந்தே போகும்.

ஸ்டென்ட் விவரத்தை மறைக்கவே கூடாது. சர்க்கரை, அழுத்தம், ஸ்டென்ட், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைக் கேட்கலாம். சிலர் மருத்துவப் பரிசோதனை அறிக்கையோ கூடுதல் பிரீமியமோ கேட்டு ஏற்றுக்கொள்வார்கள். மறைத்துவிட்டுப் போனால், மாரடைப்பு என்று துபாய் மருத்துவமனையில் சேர்த்தவுடன் அங்கே எடுக்கும் ஆஞ்சியோகிராமிலேயே பழைய ஸ்டென்ட் தெரிந்துவிடும், கோரிக்கை நிராகரிக்கப்படும், அதன் பிறகு முழுக் கட்டணமும் மாப்பிள்ளையின் தலையில் விழும். அங்கே பாக்கித் தொகை வழக்காக மாறினால் பயணத் தடை வரையிலும் போகக்கூடும் என்பதால் இது பணத்தோடு முடியும் விஷயம் அல்ல.

பாலிசியில் அச்சிட்டுள்ள வெளிநாட்டு உதவி மையத்தின் தொலைபேசி எண்ணை மாப்பிள்ளை, தங்கை இருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் முன்போ, அவசரமென்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள்ளோ அவர்களுக்குச் சொன்னால்தான், கட்டணத்துக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பி, நாம் முன்பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் முறைக்கு ஏற்பாடு செய்வார்கள். ஆம்புலன்ஸுக்கு அங்கே 998.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை சீரான பின் மேற்கொண்டு செய்ய வேண்டிய சிகிச்சையை ஊருக்கு வந்து செய்துகொண்டால், உங்கள் 5 லட்சம் ரூபாய் பாலிசி மீண்டும் பயனுக்கு வரும். ஆகவே நோயாளியை இந்தியாவுக்குக் கொண்டுவரும் செலவைப் பயணப் பாலிசி ஏற்கிறதா என்று பாருங்கள். படுக்கை நிலையில் அழைத்துவர வேண்டியிருந்தால் விமானத்தில் பல இருக்கைகளை எடுத்து ஸ்ட்ரெச்சர் அமைப்பார்கள், மருத்துவர் சான்றும் விமான நிறுவனத்தின் முன்னனுமதியும் தேவை.

சோகநாசினி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கைக்குத் தனிப் பாலிசி இருப்பதை மாப்பிள்ளை உறுதி செய்தார்; பிரசவத்துக்குப் பார்த்துவந்த மருத்துவமனையும் பட்டியலில் இருக்கிறதாம். இப்போது இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. அப்பாவின் இங்குள்ள பாலிசியைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அவர்கள் துபாயில் இருக்கும் நாட்களில்தான் வருகிறது. இங்கே இல்லாத காலத்துக்கு எதற்குக் கட்ட வேண்டும், திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார். மற்றொன்று, இரண்டு மாத மாத்திரைகளை இங்கிருந்தே கொண்டுபோக விரும்புகிறார். இருதயம், சர்க்கரை மாத்திரைகளுடன், பாத எரிச்சலுக்காக இரவில் பிரிகாபலின் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

அத்திக்கோடு செவிலி:

அம்மா, அந்தக் கடைசி மாத்திரைக்காகவே பதில் எழுதுகிறேன். வளைகுடாவில் செவிலியாக இருந்தவள் நான். பிரிகாபலின் நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சாதாரணமாக எழுதித் தரப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. டிரமடால் வலி மாத்திரையும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. இவற்றை முன்னனுமதி இல்லாமல் பையில் வைத்துப் போனால் விமான நிலையத்திலேயே சிக்கல் வரும், வயதானவர் என்று விட்டுவிடுவார்கள் என நம்பியிருக்க முடியாது. அந்நாட்டு அரசின் இணையதளத்தில், மருத்துவர் சீட்டு, நோய் விவர அறிக்கை, கடவுச்சீட்டு நகல் ஆகியவற்றை இணைத்துப் பயணத்துக்கு முன்பே அனுமதி பெறலாம். அதைவிட எளிய வழி, அப்பாவின் மருத்துவரிடம் இதைச் சொல்லி, இந்த இரண்டு மாதத்துக்கு மாற்று மருந்து தர இயலுமா என்று கேட்பது. ஆனால் அவராகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளைக் கடையில் தந்த அட்டையோடே, மருந்தின் வேதிப்பெயர் தெளிவாக எழுதிய சீட்டுடன் கொண்டுபோங்கள். டப்பாக்களில் பிரித்துப் போட்டுவைக்கும் பழக்கம் பயணத்தில் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ஈசிஜி, எக்கோ அறிக்கை ஆகியவற்றின் நகல் ஒன்றை அப்பாவின் கைப்பையிலும், இன்னொன்றைத் தங்கையின் கைப்பேசியிலும் வையுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், நெஞ்சுவலி என்று போகும்போது புதிய மாற்றம் எது, முன்பே இருந்தது எது என்பதை அங்குள்ள மருத்துவர் உடனே பிரித்தறிய முடியும்.

தென்காசிச் சாரல்:

நோர்க்கா பற்றி: நோர்க்கா கேர் என்ற திட்டத்தைக் கேரள அரசு 2025இல் கொண்டுவந்தது. 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அதில் உண்டு. ஆனால் அது கேரளத்துக்கு வெளியே வசிக்கும் கேரளத்தவருக்கானது. அதில் சேர நோர்க்கா அடையாள அட்டை வேண்டும். வருகை விசாவில் போய்த் திரும்பும் உங்கள் பெற்றோர் அதில் வரமாட்டார்கள். தாய்மொழி தமிழாக இருப்பது தடை அல்ல; கேரள முகவரியே முக்கியம். உங்கள் தங்கையின் கடவுச்சீட்டில் இன்னும் கொழிஞ்சாம்பாறை முகவரி இருந்தால் அவர் கேட்டுப் பார்க்கலாம், கொழிஞ்சாம்பாறையில் உள்ள அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்திலேயே விசாரிக்கலாம். மாப்பிள்ளை ஆனைமலைக்காரர் என்பதால் அவருக்குரிய இடம் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம். எல்லைக்கு இருபுறமும் சம்பந்தம் செய்யும் எங்கள் செங்கோட்டை, புனலூர்ப் பக்கக் குடும்பங்களிலும் கணவன் ஒரு வாரியத்திலும் மனைவி இன்னொன்றிலும் இருப்பது வழக்கம்தான்.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் வேலைக்குச் செல்லும் உறவினர் யாரேனும் இருந்தால் அவர்களுக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுடன் வளைகுடாவுக்குப் போவோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற மத்திய அரசின் காப்பீடு கட்டாயம்; இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். எல்லாம் கைவிட்ட நிலையில், துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகினால், 2009இல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து வசதியற்றோருக்கு அவசர மருத்துவ உதவி கிடைக்க வாய்ப்புண்டு. தகுதி பார்த்தே தருவார்கள் என்பதால் காப்பீட்டுக்கு மாற்றாக அதை எண்ணக் கூடாது.

வாளையார் வழி:

சகோதரி, அப்பாவின் பாலிசியைக் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்குத் தவணை தவறினால் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி காலாவதியாகும். புதிதாக எடுக்கும்போது பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்நோய்களுக்குக் காப்பீடு செல்லாத காலம், முதலிலிருந்து தொடங்கும். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் காலத்தின் உச்சத்தை நான்கு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைத்தது என்றாலும், ஸ்டென்ட் உள்ளவருக்கு மூன்று ஆண்டு என்பது மிக நீண்ட காலம். மேலும், துபாயில் ஏதேனும் நேர்ந்து ஊருக்கு அழைத்துவர வேண்டியிருந்தால் உயிரோடு இருக்க வேண்டிய பாலிசி அதுதான். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டதால், உங்கள் காப்பீட்டு முகவர் அனுப்பும் புதுப்பிப்புச் சீட்டில் அந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணப் பாலிசியின் முன்மொழிவு கைக்கு வந்தவுடன், ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய பக்கத்தை மட்டும், பெயர், எண்களை மறைத்து இங்கே பதிவிட்டால் படித்துச் சொல்கிறேன்.