கட்டாராவின் அட்டியல்: பக்கு ஏன் இறங்கிவந்தார்?

கொழுந்துமலை:
சென்ற கிழமை பதுளைப் பாமரன் ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். 2005இல் தொடங்கிய அவதார் கார்ட்டூன் தொடரைப் போலப் பெண் பாத்திரங்களைச் சமமாக நடத்திய தொடர் வேறில்லை என்றும், நீரை ஆட்டிவைக்கும் வித்தையைக் கற்க வடதுருவத்துக்குப் போன சிறுமி கட்டாரா ‘திறமை ஒன்றாலேயே’ ஆசான் பக்குவைப் பணியவைத்தாள் என்றும் அதில் அடித்துச் சொல்லியிருந்தார். எரிச்சல் தாங்காமல் முதற் பருவத்தின் 18ஆம் அத்தியாயத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். பெண்ணுக்கு வைத்தியம் மட்டும், சண்டைக்கான நீர்வித்தை ஆணுக்கே என்பது அவ்வூர் வழக்கம். சண்டைக்கு நடுவிலேயே பக்கு அவளைத் திறமைசாலி என்று மெச்சுகிறார். அப்படியானால் கற்றுத்தருவீரா என்று கேட்டால் மாட்டேன் என்கிறார். கடைசியில் பனிக்கூர்களுக்கு நடுவே அசையமுடியாமல் அவள் தோற்ற பிறகு, கீழே கிடந்த அவளுடைய அட்டியலைக் கையில் எடுக்கிறார். 60 ஆண்டுகளுக்கு முன் தாம் மணக்கவிருந்த கன்னாவுக்காகத் தம் கையாலேயே செதுக்கியது அது. கன்னா கட்டாராவின் பாட்டி. மறுநாள் காலை கட்டாரா மாணவியாகிவிட்டாள். இதில் திறமை எங்கே வேலை செய்தது? அட்டியல்தானே வேலை செய்தது?

பதுளைப் பாமரன்:
தமக்கு வேண்டிய இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு மற்றதை விட்டுவிடும் கைப்பழக்கம் கொழுந்துமலை அவர்களுக்கு உண்டு என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊரின் மூட வழக்கங்கள் தன் வாழ்க்கையை ஆளக்கூடாது என்றுதான் பாட்டி புறப்பட்டுப் போனாள் என்று கட்டாரா பக்குவின் முகத்துக்கு நேரே சொல்கிறாளே, அதை ஏன் விட்டீர்கள்? கிழவரை உடைத்தது அந்தச் சொல். அட்டியல் வெறும் சாக்கு.

கொழுந்துமலை:
தேயிலைத் தோட்டத்தில் வேண்டிய இலையை மட்டும் கிள்ளுவதுதான் ஐயா தொழில். முற்றல் இலையைக் கலந்து கூடையை நிரப்புகிறவர்களுக்கு நிறுவையில் என்ன நடக்கும் என்று என் அம்மாவைக் கேளுங்கள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு முப்பது வருடம் மலை ஏறியவர். அவர் கைவேகத்தைப் புகழாத கணக்குப்பிள்ளை கிடையாது. புகழ்ந்த அதே வாயால் ஈரத்துக்கென்று இரண்டு கிலோவைக் கழிப்பார்கள். கங்காணி வேலை மட்டும் என்றைக்கும் ஆண்களுக்கே போனது. ஒரே ஒரு முறை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவர் பழைய கங்காணியின் மகள். அதனால்தான் பக்குவின் மெச்சலை நான் நம்பவில்லை. கன்னாவின் பேத்தியாக இல்லாத ஒரு பெண் அதே வித்தையைக் காட்டியிருந்தால் அவளுக்கு வைத்தியக் குடிசைதான் கிடைத்திருக்கும். அட்டியல்!

லிந்துலை வாசகி:
பிரதிநிதித்துவம் என்று எதைச் சொல்கிறோம், எண்ணிக்கையையா, கதையை நகர்த்தும் அதிகாரத்தையா என்பதை முதலில் தெளிவாக்கினால் நல்லது. 1981இல் தொலைக்காட்சிக்கு வந்த ஸ்மர்ஃப்ஸ் தொடரில் ஊர் முழுக்க ஆண்கள். அவர்களுக்குள் கலகம் மூட்டுவதற்காகவே ஒரு மந்திரவாதி ஸ்மர்ஃபெட் என்ற பெண்ணைச் செய்து அனுப்புகிறான். கறுத்த கூந்தல் பொன்னிறமான பிறகுதான் அவள் அங்கே நல்லவளாகிறாள். ஆண் கூட்டத்துக்கு ஒரே பெண் என்ற இந்த வாய்ப்பாட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் கேதா பொல்லிட் 1991இல் அவள் பெயரையே வைத்தார். சோட்டா பீம் தொடரில் பீமின் தோழியாக வரும் சுட்கியையும் இதோடு சேர்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஹட்டன் ஆசிரியர்:
தலைப்பிலேயே பிழை இருக்கிறது. கல் இழைத்துக் கழுத்தை ஒட்டிக் கிடக்கும் பொன் நகையே அட்டியல். கட்டாரா அணிவது நீல நாடாவில் கோத்த செதுக்குக் கல். அதைப் பதக்கம் என்பதே பொருந்தும். சொல்லைச் சரியாக ஆளாதவர்கள் கதையைச் சரியாகப் பார்த்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

கொழுந்துமலை:
சேர், போன தீபாவளிக்கும் என் ஒற்றெழுத்தைத்தான் திருத்தினீர்கள்; கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை. பதக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தை எடுப்பதற்கு முன் மாட்டேன், எடுத்த பின் சரி. வாசகி, சுட்கிக்குப் பிறகு வருவோம்.

பதுளைப் பாமரன்:
அப்படியானால் அதே அவதார் தொடரின் டோஃபுக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்? பன்னிரண்டு வயது, கண் பார்வை இல்லை, பெற்றோர் வீட்டுக்குள்ளேயே பொத்திவைத்த பிள்ளை. அந்தப் பிள்ளைதான் அந்த உலகத்தில் முதன்முதலாக வித்தையால் உலோகத்தை வளைக்கிறாள். இதற்கும் ஒரு பாட்டியைக் கண்டுபிடிப்பீர்களா?

கொழுந்துமலை:
டோஃபை முதலில் ஆண் பாத்திரமாகவே திட்டமிட்டார்கள் என்பதை நீங்கள் மறைத்தாலும் நான் மறைக்கமாட்டேன். பையனுக்கென்று நினைத்த பலம் பிறகு பெண்ணுக்குக் கைமாறியது. அது நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது 18ஆம் அத்தியாயத்தைப் பற்றி.

ஹட்டன் ஆசிரியர்:
அப்பெயரின் உச்சரிப்பு டாஃப் என்பதற்கு நெருக்கமானது.

பதுளைப் பாமரன்:
2008இல் வந்த இறுதிப் பகுதியையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கட்டாராவின் ஊரான தென்துருவத்தை மறுபடி கட்டியெழுப்ப உதவப் போன அதே பக்கு, கன்னாவுக்குப் புதிதாக ஒன்று செதுக்கிக் கொடுக்கிறார். அவளும் அவரை ஏற்கிறாள். மனிதர் மாறியிருக்கிறார் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

கொழுந்துமலை:
மறுபடியும் ஒரு பதக்கம்! மிக்க நன்றி, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

லிந்துலை வாசகி:
2020இல் பீமுக்கும் இளவரசி இந்துமதிக்கும் கல்யாணமாகிவிட்டது என்ற பேச்சு பரவியபோது சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்று ஊரே எழுதியது. பாத்திரங்கள் இன்னும் குழந்தைகள்தான் என்று தயாரித்தவர்களே விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. ஒரு சிறுமியைப் பற்றி ஊர் கவலைப்பட்டது அவளை யார் கட்டுவார் என்பதற்காக மட்டுமே. இதை யாரும் எடுத்துப் பேசப்போவதில்லையா?

கொழுந்துமலை:
பேசுவோம், வாசகி. அதற்கு முன் பாமரன் எனக்கு ஒன்றைச் சொல்லட்டும்: பதக்கம் அவர் கைக்கு வருவதற்கு முன் எந்த நிமிடத்தில், எந்த நொடியில் பக்கு சம்மதித்தார்?

பதுளைப் பாமரன்:
இங்கே மழை பிடித்துக்கொண்டது, இணைப்பு மூன்று தடவை அறுந்துவிட்டது. நாளைக் காலை தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டு முடிந்ததும் நொடிக்கணக்கோடு வருகிறேன். அதுவரை நான் ஒப்புக்கொண்டதாக யாரும் எழுதிவைக்கவேண்டாம்.

கொழுந்துமலை:
எழுதிவைத்தாயிற்று.