கெட்சிகனில் கப்பல் நிற்கும் பகலில் என்ன செய்தீர்கள்?

வரும் ஆகஸ்டில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பல் பயணம். கெட்சிகனில் காலையில் இறங்கினால் மதியத்துக்கு மேல் ஏறிவிட வேண்டும். கப்பலில் விற்கிற சுற்றுலாப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, விலையைப் பார்த்தால் இன்னும் சுற்றுகிறது. எதுவும் வாங்காமல் கால்நடையாகச் சுற்றியவர்கள் இருந்தால், அன்றைக்கு யாரைப் பார்த்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்களேன்.

* * *

நாங்கள் அப்படி நடந்தவர்கள்தான். மழை பெய்யுமா என்று மட்டும் யோசிக்காதீர்கள், பெய்யும். ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர். கப்பல் துறைக்கு எதிரிலேயே பெரிய மழைமானிப் பலகை வைத்து, 1949இல் பெய்த 202 அங்குலத்தைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் கையில் குடையைப் பார்ப்பது அரிது. தொப்பி வைத்த ஜாக்கெட்டும் முழங்கால் வரை பழுப்பு ரப்பர் பூட்ஸும்தான். குடை பிடித்தவன் கப்பலில் வந்தவன் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இறங்கியதும் வரிசையாக நகைக்கடைகள். வைரம் வாங்க யார் இவ்வளவு தூரம் வருகிறார்களோ! அவற்றைத் தாண்டி நடந்தால் கெட்சிகன் ஓடை. அதன் கரையில் மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள்தான் கிரீக் தெரு. 1950களின் முற்பகுதி வரை அது விலைமாதர் தெரு. ஆண்களும் மீன்களும் ஒரே ஓடையை நாடி வந்த இடம் என்று ஊர்க்காரர்களே கேலி பேசுகிறார்கள்.

எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள், ஓடையை ஒட்டியே மேலே ஏறுங்கள். அருவி பாய்கிற இடத்தில் மீன்கள் ஏறுவதற்கென்று படிப்படியாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது தண்ணீரே தெரியாத அளவுக்குப் பிங்க் சால்மன். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்ற பெரியவர் ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க மீன்பிடித் தொழில், இப்போது வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறாராம். "முதுகு கூன் போட்டது ஆண். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு எதுவும் தின்னாது. முட்டையிட்டதும் ஆணும் பெண்ணும் செத்துப்போகும். பிறந்து சரியாக இரண்டு வருஷம், அவ்வளவுதான் இதன் ஆயுசு," என்றார்.

பிறகு கரையிலிருந்த ஸ்புரூஸ் மரங்களைக் காட்டி, இதுவும் மீன்தான் என்றார். கரடியும் கழுகும் மீனைக் காட்டுக்குள் இழுத்துப் போய்ப் பாதியைத் தின்று மீதியைப் போட்டுவிடுகின்றன. அது மட்கி வேருக்குப் போகிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை மரத்துக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். ஊரைச் சுற்றியிருக்கும் டோங்காஸ் மழைக்காடு பற்றிக் கப்பலில் ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னது எனக்குப் பாலத்தில்தான் புரிந்தது.

இன்னும் கொஞ்சம் நடந்தால் டோட்டம் பாரம்பரிய மையம். டோட்டம் என்றால் உருவங்கள் செதுக்கிய பெரிய மரக்கம்பம். ஆட்கள் வெளியேறிப்போன டிலிங்கிட், ஹைடா பழங்குடி மக்களின் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பங்கள் அங்கே இருக்கின்றன. வண்ணம் பூசவில்லை, வெடிப்பை அடைக்கவில்லை. விழுந்த கம்பத்தை மண்ணுக்கே விட்டுவிடுவது அவர்கள் வழக்கம், அப்படியிருக்க இதையெல்லாம் கூரைக்கடியில் வைத்தது சரியா என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். "எங்களுக்குள்ளேயே அதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் இன்றைக்குச் செதுக்குகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்," என்றார். நான் அவர் கட்சி.

* * *

அண்ணா எழுதினது சரி, ஆனா ஒண்ணு சேர்த்துக்கோங்க. எல்லாக் கப்பலும் ஊருக்குள்ள நிக்காது. எங்க கப்பல் வார்டு கோவ்ல நின்னுச்சு. 1997ல மூடின காகிதக்கூழ் ஆலை இருந்த இடம் அது, ஊருக்கு வடக்கே. அங்கிருந்து பஸ்லதான் ஊருக்கு வரணும். அந்த நேரத்தையும் கணக்குல வச்சுக்கோங்க.

அத்தைக்கு முழங்கால் வலி, அதனால ஓடைப்பக்கம் ஏறலை. ஊர் பஸ் பிடிச்சு டோட்டம் கம்பங்க இருக்கிற சாக்ஸ்மேன் கிராமத்துக்குப் போனோம், தெற்கே நாலு கிலோமீட்டர். அங்க ஒரு கம்பத்து உச்சியில வில்லியம் சீவார்டு. 1867ல ரஷ்யாகிட்ட இருந்து அலாஸ்காவை அமெரிக்காவுக்கு வாங்கின வெளியுறவு அமைச்சர். ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பக்கம் வந்தப்ப டிலிங்கிட் மக்கள் பெரிய விருந்தும் பரிசும் கொடுத்து மரியாதை பண்ணியிருக்காங்க. பதில் மரியாதை பண்ணாமலே போயிட்டாராம். அதுக்காக அவர் மூக்குக்கும் காதுக்கும் சிவப்புச் சாயம் பூசி, கடன்காரன்னு ஊரறிய நிக்க வச்சுட்டாங்க. அத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, "மொய் திருப்பி வைக்காதவனுக்கு இது வேணும்"னாங்க. வழிகாட்டிப் பொண்ணுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது.

* * *

நான் மிதவை விமானத்தில் மிஸ்டி ஃபியோர்ட்ஸ் என்ற, மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த பகுதியைப் பார்க்கப் பணம் கட்டியிருந்தேன். மேகம் இறங்கிவிட்டதென்று ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். வருத்தமில்லை, அந்த மலைகளுக்கு நடுவே மூடுபனியில் பறக்காமலிருப்பதே நல்லது. வானிலையை நம்பிய சுற்றுலா என்றால் ரத்து விதியை முதலில் படியுங்கள். இன்னொன்று, அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். கடைசியாக ஏறும் நேரத்தை இறங்கும்போது வாசலில் எழுதியிருப்பார்கள், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நடக்கத்தான் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: அவ்வளவு மீன் செத்துக் கிடந்தால் நாற்றம் தாங்குமா?

* * *

ஆகஸ்ட் தொடக்கம்னா பெரும்பாலும் உயிரோட ஏறுற மீன்தான். மாசக் கடைசின்னா பாலத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கணும். கழுகுங்களுக்கு அதான் சீசன்!