ஆப்பிரிக்காவில் சோலார் விளக்கு, கரண்ட், வறட்சி: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

ஏரிக்கரை
கென்யாவில் ஹோமா பே பக்கம், விக்டோரியா ஏரிக்கரை. பள்ளிக் கட்டட வேலைக்குப் போயிருந்தேன். தினத்தவணை சோலார் எப்படி ஓடும் என்று இங்கே பலருக்கும் தெரியும். விளக்கும் பேனலும் கடனுக்கு வாங்கியவை. போன் வழியாகப் பணம் கட்டும் எம்-பெசாவில் 50 ஷில்லிங் கட்டினால் அன்றைக்கு விளக்கு எரியும். கட்டாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாகப் பூட்டிவிடுவார்கள். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஓமெனா விற்பவர், நம்ம நெத்திலி மாதிரிப் பொடிமீன். அந்த வாரம் விடாத மழை. மீன் காயவில்லை, கையில் காசில்லை.

இரவு ஏழரை இருக்கும். மூத்த பெண் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டென்று விளக்கு அணைந்தது. யாரும் பேசவில்லை. அம்மா கொரோபோயை ஏற்றிக்கொண்டு வந்தார், மண்ணெண்ணெய்த் தகர விளக்கு. அந்த வெளிச்சத்தில் பார்த்தால், வரி தவறிவிடாமல் இருக்க அந்தப் பெண் நோட்டில் விரலை வைத்தபடி அப்படியே அசையாமல் கிடக்கிறாள். பேட்டரியில் சார்ஜ் இருந்தது. என் போனிலும் எம்-பெசா இருந்தது. நான் கட்டட்டுமா என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. இன்னும் உறுத்துகிறது.

லுசாகா டீச்சர்
ஜாம்பியாவில் 2024 பிப்ரவரி கடைசியில் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள். நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு அணைக்கட்டுகளிலிருந்து வருவது. கரிபா அணையில் தண்ணீர் இறங்க இறங்க எங்களுக்குக் கரண்ட் நாளுக்குச் சில மணி நேரம்தான் வந்தது, அதுவும் நடுச்சாமத்தில். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்குக் கண் விழித்தால் தெரு முழுக்க நீல வெளிச்சம். எதிர் வெல்டிங் கடைக்காரர் சட்டையைக்கூட மாட்டாமல் கேட் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்திருக்கிறார். மறுநாள் கரிமூட்டை விலையும் ஏறியிருந்தது. எல்லா வீட்டிலும் கரி போட்டு எரிக்கும் ம்பவுலா அடுப்புதான். அத்தனையும் காட்டு மரம்.

முவான்சா சேல்ஸ்
ஏரிக்கரை சார், பூட்டு இல்லாவிட்டால் பேங்க் வாசலையே மிதிக்காத ஒருவருக்கு யார் கடனில் பேனல் கொடுப்பார்கள்? தான்சானியாவில் நாலு வருஷம் இதை விற்றவன் நான். கடைசித் தவணை கட்டிய ஒரு பெரியவர், இனி விளக்கு உங்களுக்கே சொந்தம் என்று வந்த மெசேஜை என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

டீச்சருக்கு ஒன்று. சோலார் போடுவதாக இருந்தால், நம்ம ஊர்ப் பழக்கத்தில் பேனலைத் தெற்கே பார்த்து மாட்டிவிடாதீர்கள். லுசாகா நிலநடுக்கோட்டுக்கு 15 டிகிரி தெற்கே இருக்கிறது, அங்கே வடக்கு பார்த்துத்தான் மாட்ட வேண்டும். சாய்வும் ஏறக்குறைய அதே 15 டிகிரி போதும். லெட் ஆசிட் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், சீக்கிரம் செத்துப்போகும். காசிருந்தால் லித்தியம் வாங்குங்கள். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதையும் அதில் போடாதீர்கள். பேனலைத் தூசி போக விடியற்காலையில் துடையுங்கள், சுடும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முக்கியமாக, பேனல்மேல் மரக்கிளை நிழல் விழ விடாதீர்கள். கையளவு நிழலே பாதி கரண்டைத் தின்றுவிடும்.

சான்சிபார் நினைவு
ராஜஸ்தான் திலோனியாவில் பிறந்த பேர்ஃபுட் காலேஜின் பயிற்சி மையம் சான்சிபாரின் கின்யாசினி ஊரிலும் இருக்கிறது. 2015இல் தொடங்கினது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களை வீட்டு சோலார் மெக்கானிக் ஆக்குகிறார்கள். ஒருவர் சால்டரிங் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரெசிஸ்டரின் நிறப் பட்டைகளை நகத்தால் தொட்டு, உதட்டுக்குள் நிறங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டார். ஈயம் உருகிப் பளபளத்ததும் ஊதி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அதே பெட்டி அவர் ஊரில் கெட்டுப்போனால் திறந்து சரிசெய்ய அவரே இருக்கிறார்.

ஏரிக்கரை
முவான்சா, பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீன் காயாத மழை வாரத்துக்கும் மீன் விற்ற வாரத்துக்கும் ஒரே தவணை வாங்குகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். ஏரிக்கரையில் மழைக்காலம் எது என்று விற்க வந்தவருக்குத் தெரியாதா? அந்தப் பெண் மீதிக் கணக்கைக் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து போட்டாள். அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது.