இடுப்பில் ஒரு சாண் கத்தி: உங்கள் அனுபவம் என்ன?

த்ரொண்டெலாக், நோர்வே

வேட்டைக்கும் முகாம் வேலைக்கும் மடக்காத சிறு கத்தி ஒன்று போதுமா என்று போன வாரம் ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். பதிலை இங்கேயே எழுதுகிறேன். நான் பட்ட வெட்கம் நாலு பேருக்குப் பயன்படட்டும்.

வேட்டைக்காரர் தேர்வில் தேறி, பெரிய விலங்குகளுக்கான சுடுதேர்வில் 100 மீட்டர் தூரத்திலிருந்து ஐந்து குண்டுகளையும் 30 செ.மீ. வட்டத்துக்குள் போட்டுவிட்ட தெம்பில் கடைக்குப் போனேன். ஏறக்குறைய முக்கால் முழத்தில் ஒரு கத்தி வாங்கினேன். முதுகில் ரம்பப் பல், பிடியின் முனையில் திசைகாட்டி. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

எங்கள் குழுவில் ஏழு பேர். தலைவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. எல்க் வேட்டை தொடங்கும் செப்டெம்பர் 25 விடியற்காலையில் அவர் என் இடுப்பைப் பார்த்தார். "பாண் வெட்டவா?" என்று மட்டும் கேட்டார். (எல்க் என்பது கனடாக்காரர் மூஸ் என்று சொல்லும் அதே பெரிய மான்தான். நின்றால் குதிரை உயரம்.)

இரண்டாம் நாள் ஓர் இளம் ஆண் விழுந்தது. குடலை உடனே எடுக்காவிட்டால் உடற்சூடே இறைச்சியைக் கெடுத்துவிடும். வெளியே குளிர்தானே என்று நம்பக் கூடாது, அந்தத் தோல் ஒரு கம்பளிப் போர்வை. "நீ செய்" என்றார் தலைவர். வயிற்றுத் தோலில் சிறு வாய் திறந்து, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கு நடுவே கூர் மேலே பார்க்கும்படி கத்தியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வகுப்பில் படித்தது எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் என் கத்தியின் நுனி கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, எனக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. நுனி உள்ளே திரும்பியதும் இரைப்பை கிழிந்தது. அந்த நாற்றத்தை எழுதி விளக்க முடியாது. பாதி செரித்த இலையும் தண்டும் புளித்த குழம்பாக இறைச்சி மேல் வழிந்தது.

தலைவர் திட்டவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டுத் தன் கத்தியை எடுத்தார். சிவப்புச் சாயம் பூசிய மரப்பிடி. பல வருடம் தீட்டித் தீட்டி அலகு ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. சுட்டு விரலை அலகின் முதுகோடு நீட்டி வைத்துக்கொண்டார். விரல் நுனி போன இடமெல்லாம் கத்தி நுனியும் போனது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூச்சுக் குழாயை அறுத்ததுகூடத் தடவிப் பார்த்துத்தான். அழுக்கான இடங்களைத் தாராளமாகச் சீவி எறிந்தார். மிச்சத்தைத் தொங்கவிட்டோம். இங்கே அதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரி வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் நாற்பது வர வேண்டும். 4 பாகை என்றால் பத்து நாள்.

அடுத்த வாரமே ஒரு மூரா கத்தி வாங்கினேன். அலகு 10 செ.மீ. சொச்சம், தடிப்பு இரண்டரை மி.மீ., பிடியோடு சேர்த்துச் சரியாக என் ஒரு சாண். விலை இங்கே ஒரு பீட்சாவைத் தாண்டாது. முக்கால் முழக் கத்தி இப்போது கார்க் கொட்டகையில் சாய மூடிகளைத் திறக்கிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

டாலர்னா, சுவீடன்

நான் வேட்டைக்காரன் அல்ல, இறைச்சியும் சாப்பிடுவதில்லை. ஆனால் அந்தக் கத்தி பிறந்த ஊர் எனக்குப் பக்கம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மூரா என்பது ஊரின் பெயர். அங்கே கத்தி அடிப்பது பல தலைமுறைத் தொழில். இன்றைய தொழிற்சாலையின் வேர் 1891இல் ஊஸ்ட்நூர் என்ற கிராமத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் மரம் மிதக்கவிடும் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், மரம் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகள் செய்யத்தான் பட்டறை போட்டார். கத்தி பக்கத் தொழிலாக வந்தது.

அந்தக் கத்திகளில் சிலவற்றின் அலகு மூன்று அடுக்காக இருக்கும், நடுவில் கடின எஃகு, இரு பக்கமும் மென்மையான இரும்பு. இதைக் கேட்டபோது எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறை நினைவுக்கு வந்தது. "எஃகு வைத்து அடித்த அரிவாளா?" என்று கேட்டுத்தான் அப்பா வாங்குவார். இரும்பின் வாயில் மட்டும் எஃகைச் சொருகி அடித்திருப்பார்கள். விலை உயர்ந்ததைச் சிக்கனமாக வைக்க வேண்டும் என்ற புத்தி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கத்தியின் சரிவு அகலமானது, கண்ணுக்குத் தெரியும். கோணம் எத்தனை பாகை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சரிவை நனைத்த சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்து, விரலால் லேசாக அழுத்தித் தள்ளுங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் நகத்துக்கு ஒரு பிசிறு தட்டுப்படும். திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இருபது இழுப்பு. தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் இறங்க வேண்டும். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

ஒஸ்லோ, நோர்வே

நான் வேட்டைக்குப் போனதில்லை. கத்தி என் வீட்டுக்கு வந்தது மகளின் மழலையர் பள்ளி வழியாக.

நான்கரை வயது. வெள்ளிக்கிழமை காட்டுக்குப் போகும் நாள். மாலையில் ஒரு குச்சியைக் கொண்டுவந்து காட்டினாள், முனை பென்சில் போல் சீவியிருந்தது. "யார் சீவித் தந்தது?" என்றேன். "நான்தான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் அவளுக்கு வெண்ணெய் தடவும் கத்தியைக்கூடக் கொடுத்ததில்லை. மறுநாள் ஆசிரியைக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அடுத்த வாரம் நானும் கூடப் போனேன்.

குழந்தைகளின் கத்தியில் நுனி உருட்டியிருக்கிறது, பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் வழுக்காமல் ஒரு தடுப்பு. நின்றபடி சீவக் கூடாது. மரக்கட்டையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, உடம்பை விட்டு வெளியே சீவ வேண்டும். கையை நீட்டிச் சுற்றினால் யார் மீதும் படக் கூடாது. எழுந்திருக்கும் முன் கத்தி உறைக்குள் போக வேண்டும். என் மகள் இதையெல்லாம் ஒப்பித்தாள். ஒரு பையன் கத்தியோடு எழுந்தபோது ஆசிரியைக்கு முன்னால் இவள்தான் "உறை!" என்று கத்தினாள்.

இப்போது வீட்டில் நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நடந்தால் எனக்கும் அதே திட்டு விழுகிறது.

ஏற்காடு, தமிழ்நாடு

எங்களுக்கு வேட்டைப் பேச்சே கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. என் கத்தி காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் நாட்களுக்கு மட்டும். சுவீடனில் இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். விமானத்தில் பதிவு செய்த பெட்டிக்குள் வைத்துத்தான். கைப்பையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு சகலையின் கதை இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் அவருடைய கத்தி கூடைக்குப் போனது, அவர் மட்டும் ஊருக்குப் போனார்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நம் நாட்டு ஆயுத விதிகளின்படி அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் உரிமம் என்ற பேச்சு வருகிறது. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவை விலக்கு. இந்தக் கத்தி பாதி நீளம்கூட இல்லை. அதற்காக இடுப்பில் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் உலாவ வேண்டாம். பைக்குள் அடியில் கிடக்கட்டும்.

என்னுடையது துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. முதல் நாள் மாங்காய் நறுக்கி, துடைக்காமல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அலகு முழுக்க நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. பதறிப்போய்ச் சாம்பலால் தேய்த்தேன், போகவில்லை. தம்பியிடம் கேட்டால் சிரிக்கிறான். அந்தக் கறை நல்லதாம், துருவை ஓரளவு தடுக்குமாம். கெட்டது செம்பழுப்புத் துரு. அது வந்தது ஐப்பசி மழையில், தோல் உறைக்குள் மூன்று வாரம் மறந்து வைத்தபோது. தோல் ஈரத்தைக் குடித்துவிட்டுக் கத்திக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது உறைக்குள் போட்டு வைக்கும் பேச்சே இல்லை. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, வெளியே செய்தித்தாளில் சுற்றி வைக்கிறேன். சமையலுக்கும் ஆகும் எண்ணெய் என்பதால் அடுத்த முறை கழுவும் கவலையும் இல்லை.

இன்னொன்று, இளநீர். வெட்ட முடியும் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டினேன். கண் பக்கம் குத்தி நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம். நுனி நான்கு மி.மீ. உள்ளேயே தங்கிவிட்டது. தோட்டக்காரர் வந்து அரிவாளால் மூன்று சீவில் இளநீரைத் திறந்து, உடைந்த துண்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது பழம் நறுக்குற கத்திங்க" என்றார். கல்லில் ஒரு மாலை முழுக்கத் தேய்த்து நுனியைத் திரும்ப வரவழைத்தேன். அலகு கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

த்ரொண்டெலாக், நோர்வே

ஏற்காடு அண்ணா, தேங்காய் எண்ணெய் யோசனையை நானும் செய்து பார்த்தேன். ஒக்டோபரில் உறையிலிருந்து கத்தி வரவில்லை. எண்ணெய் மெழுகாக உறைந்து அலகைப் பிடித்துக்கொண்டது. இங்கே உறையாத சமையல் எண்ணெய்தான் தடவுகிறேன்.

ஃபின்மார்க், நோர்வே

சிறு கத்தியே போதும் என்று எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1980களில் இலங்கையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து மீன் தொழிற்சாலைகளில் நின்ற தலைமுறையில் என் அப்பாவும் ஒருவர். மணிக்கணக்கில் கொட் மீனைச் சதையாகப் பிரித்த கை. அவருக்கு மீனுக்கு ஒரு கத்தி, தூண்டில் இரைக்கு ஒரு கத்தி. வளையாத அலகால் முள்ளோடு ஒட்டிப் போக முடியாது, மூரா கத்தியால் மீன் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிச் சதை முள்ளிலேயே நிற்கும்.

உள்நாட்டுப் பக்கம் கலைமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களைப் பாருங்கள். இடுப்பில் இரண்டு தொங்கும். ஒன்று அலகே ஒரு சாணுக்கு வரும், அதன் பெயரே அவர்கள் மொழியில் 'பெரிய கத்தி' என்பதுதான். பிர்ச் கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் எலும்பு தட்டவும் அது. மற்றது சிறியது, தோல் உரிக்கவும் உண்ணவும். மரம் குட்டையாக இருக்கும் இந்த ஊரில் கோடரிக்கும் கத்திக்கும் நடுவே நிற்கும் ஒன்று தேவைப்படுகிறது. த்ரொண்டெலாக் அண்ணரின் முக்கால் முழத்தைக் குறை சொல்ல மாட்டேன். முதுகுப் பல்லும் திசைகாட்டியும்தான் குற்றம். நல்ல பெரிய கத்தியாக வாங்கி, விறகுக்கு மட்டும் எடுத்திருந்தால் அது இன்றைக்குச் சாய மூடி திறக்காது.

சிறு கத்தியை மரத்தில் வைத்துக் கட்டையால் முதுகில் தட்டி விறகு பிளப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டை விரல் தடிப்புள்ள, கணு இல்லாத குச்சி என்றால் சரி. அதற்கு மேல் போனால், பிடிக்குள் பாதிவரை மட்டும் நுழைந்திருக்கும் இரும்பு ஒருநாள் ஆட்டம் காணும்.

ஒன்ராறியோ, கனடா

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போக வேண்டும்.

என் கத்தி இந்த நாட்டுக் கத்தி, நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவில் செய்தது. அலகு நான்கு அங்குலம், நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்கும், ஓர் இலையை நிமிர்த்திப் பிடித்தது போல். பிடி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் மான் தோலுரிக்கும்போது மணிக்கட்டு நோகாது. மரப்பிடி. இதைப் பாராட்டி நிறைய எழுதலாம், ஆனால் இப்போது அது என்னிடம் இல்லை.

போன நவம்பரில் மான் ஒன்றைச் சுத்தம் செய்து முடித்ததும் கத்தியைப் பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்தேன். கயிறு கட்டித் திரும்பினேன். மேப்பிள் சருகு, பழுப்பு மரப்பிடி, பழுப்புத் தோல் உறை. இரண்டு மணி நேரம் முழங்காலில் தவழ்ந்து தடவினேன். மச்சான் டோர்ச் அடித்துக்கொண்டே, "சட்டத்துக்கு நீ செம்மஞ்சள் உடுப்புப் போட்டாய், கத்திக்கு யார் போடுவது?" என்று கேட்டான். இருட்டிவிட்டது. மானோடு வீடு வந்தோம்.

இப்போது பிளாஸ்டிக் பிடியில், கண்ணைக் குத்தும் செம்மஞ்சளில் ஒன்று வாங்கியிருக்கிறேன். அழகில்லை.

த்ரொண்டெலாக், நோர்வே

எங்கள் இலையுதிர் காலத்தில் செம்மஞ்சளும் தொலையும். பிர்ச் இலையும் செடியும் எல்லாம் அதே நிறம். நான் பிடியில் நீலப் பட்டி சுற்றியிருக்கிறேன். காட்டில் நீலமாகக் கிடப்பது புளூபெரி மட்டும்தான், அது ஒரு சாண் நீளத்தில் காய்ப்பதில்லை.