வெளிநாட்டில் எலக்ட்ரிக்கல் வேலைக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் படத்தைப் படிக்கப் பழகுங்கள்

பேனல் வேலையோ பராமரிப்பு வேலையோ சில வருடம் பார்த்துவிட்டு இப்போதுதான் வேறு நாட்டில் வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். வீடு, விசா, வங்கிக் கணக்கு பற்றி மற்றவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் உங்கள் கையில் ஒரு சர்க்யூட் டயகிராமைக் கொடுப்பார்கள். நான் பேச வந்தது அதைப் பற்றி.

நான் ஐஇசி (IEC, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) முறைப் படங்களிலேயே வளர்ந்தவன். முதன்முதலில் அமெரிக்க முறையில் வரைந்த ஒரு இயந்திரத்தின் படம் கைக்கு வந்தபோது, எங்கு பார்த்தாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள். கபாசிட்டர் என்று நினைத்துப் பேனலுக்குள் அரை நாள் தேடினேன். அவை வெறும் திறந்த கான்டாக்டுகள், அதாவது இயங்காதபோது மின்சாரம் போகாத சுவிட்ச் முனைகள். அவற்றின் மேல் ஒரு சாய்கோடு இருந்தால் மூடிய கான்டாக்ட். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயில் அங்கே வட்டம், ஐஇசியில் செவ்வகம். ரெசிஸ்டர் அங்கே முன்னும் பின்னும் மடிந்த கோடு, ஐஇசியில் அதுவும் செவ்வகம்தான். அந்த அரை நாள் உங்களுக்கு வீணாகக் கூடாது.

அதனால் படத்தைக் கையில் வாங்கியதும் ஓரத்தில் இருக்கும் தலைப்புக் கட்டத்தைப் பாருங்கள், எந்தத் தரநிலை என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஐஇசி 60617 என்பது வரைபடக் குறியீடுகள். ஐஇசி 61082 படத்தை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பது. ஐஇசி 81346 ஒவ்வொரு பாகத்துக்கும் எப்படிப் பெயர் வைப்பது என்பது. எண்ணுக்கு முன்னால் ஈஎன் (ஐரோப்பா), டிஐஎன் ஈஎன் (ஜெர்மனி), பிஎஸ் ஈஎன் (பிரிட்டன்) என்று வந்தால் மிரள வேண்டாம், ஐஇசி தரநிலையை ஐரோப்பாவோ அந்தந்த நாடோ ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம் அது. பழைய படத்தில் வெறும் 617 என்று இருந்தாலும் அதேதான். 1997இல் எல்லா எண்களோடும் 60000 கூட்டினார்கள். அமெரிக்காவில் ஐஈஈஈ (IEEE, மின் பொறியாளர் சங்கம்) 315 என்ற 1975ஆம் ஆண்டுக் குறியீட்டுத் தரநிலை 2019இல் செயலற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன்படி வரைந்த இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்தக் குறியீடுகளிலேயே பழகியவர்களும் வேலையில் இருக்கிறார்கள்.

பெயர் வைக்கும் முறையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதைப் பார்க்கிறேன். 81346 முறையில் = குறி வந்தால் அது செய்யும் வேலை, + வந்தால் இருக்கும் இடம், - வந்தால் பாகம். பாகத்தின் எழுத்து, அந்தப் பொருள் என்ன என்பதைவிட எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் 'க்யூ'. சிக்னலைக் கையாளும் ரிலே 'கே'. பழைய முறையில் இரண்டுமே 'கே'தான். ஒரே தொழிற்சாலையில் பழைய படமும் புதிய படமும் கலந்து கிடக்கும்போது, கே1 என்று ஒருவர் சொன்னால் எந்தப் படத்துக் கே1 என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கான்டாக்ட் எண்களில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. கடைசி இலக்கம் 1-2 என்றால் மூடியது, 3-4 என்றால் திறந்தது. 13-14 திறந்தது, 21-22 மூடியது, விதிவிலக்காக, ஓவர்லோடு ரிலேயில் (மோட்டாருக்குச் சுமை கூடினால் துண்டிப்பது) 95-96 மூடியது, 97-98 திறந்தது. காயில் ஏ1, ஏ2. இந்த எண்கள் மனப்பாடமாகிவிட்டால் படமே இல்லாமல் பாதிப் பேனலைப் படித்துவிடலாம். மோட்டார் முனைகள் ஐஇசியில் யூ, வி, டபிள்யூ. அமெரிக்காவில் டி1, டி2, டி3 (T1, T2, T3). அமெரிக்க ஏணிப் படத்தில் (ஏணிப் படிகள் போல வரி வரியாக வரைந்த சர்க்யூட் படம்) ஒவ்வொரு படிக்கும் ஒரு எண் உண்டு. காயிலின் வலப்பக்கம் அதன் கான்டாக்டுகள் எந்தெந்தப் படியில் இருக்கின்றன என்று எழுதியிருப்பார்கள், அடிக்கோடிட்ட எண் மூடிய கான்டாக்ட். ஐஇசிப் படத்தில் அதே விவரம் காயிலுக்குக் கீழே, பக்க எண்ணும் பத்தி எண்ணுமாக இருக்கும்.

இனி வருவது உயிர் சம்பந்தப்பட்டது, நிதானமாகப் படியுங்கள். சாம்பல் நிற வயர் அமெரிக்காவில் நியூட்ரல். ஐரோப்பாவில் அதே சாம்பல் மூன்றாவது ஃபேஸ். நீலம் ஐரோப்பாவில் நியூட்ரல். அமெரிக்காவில் 120/208 வோல்ட் அமைப்பில் வழக்கமாக ஒரு ஃபேஸ். சிவப்பு-மஞ்சள்-நீலம் பழகியவர்களுக்கும் நீலம் ஒரு ஃபேஸ்தான். பிரிட்டனில் 2006 ஏப்ரல் முதல் புதிய வயரிங்குக்குப் புதிய நிறங்கள்தான் கட்டாயம். ஆனால் பழைய கட்டடங்களில் கறுப்பு இன்னும் நியூட்ரலாகவே இருக்கும், புதிய முறையில் கறுப்பு ஒரு ஃபேஸ். ஒரே பெட்டிக்குள் இரண்டும் சந்திக்கும் இடங்கள் உண்டு. நிறத்தை நம்பி ஒருபோதும் கை வைக்காதீர்கள். சப்ளையைத் துண்டித்து, பூட்டி, டெஸ்டரால் அளந்த பிறகுதான் கை.

இன்னொரு எச்சரிக்கை. கான்டாக்டுகளை மின்சாரம் இல்லாத, யாரும் அழுத்தாத நிலையில்தான் படத்தில் வரைவார்கள். எமர்ஜென்சி ஸ்டாப் மூடியதாகத் தெரிவது அதனால்தான். இயந்திரம் ஓடும்போது எது எப்படி இருக்கும் என்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தனியாகக் கேட்ட இரண்டு பேருக்கு:

"அண்ணா, 60417, 60617 இரண்டும் ஒன்றா?" இல்லை தம்பி. 60617 காகிதத்தில் வரைவது, 60417 கருவியின் மேல் அச்சிடுவது. இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் இரட்டைக் காப்பு உள்ள கருவி, அதற்கு எர்த் வேண்டியதில்லை. வட்டத்தை உடைத்துக்கொண்டு ஒரு கோடு மேலே வந்தால் அது ஸ்டாண்ட்பை. அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். திறந்து வேலை பார்க்கும் முன் அதை நினைவில் வை.

"தரநிலைகளை வாங்கப் பணம் இல்லையே?" நீங்களாக வாங்க வேண்டாம் தங்கை. 60617 சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளம், நிறுவனத்திடம் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். ஐஇசியின் எலக்ட்ரோபீடியா இணையத்தில் இலவசம். 20,000க்கும் மேற்பட்ட கலைச்சொற்களுக்கு விளக்கம் இருக்கிறது, பல சொற்களுக்கு ஜெர்மன், ஜப்பானியம் போன்ற மொழிகளிலும் ஈடான சொல் கிடைக்கும். ஜெர்மன் படத்தில் 1,5 என்று இருந்தால் ஒன்றரை என்று படியுங்கள், அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கமா. அமெரிக்காவுக்குப் போனால் வயர் அளவு ஏடபிள்யூஜியில் (AWG, அமெரிக்க வயர் அளவுமுறை) வரும், எண் கூடினால் வயர் மெலியும்: 14 என்பது சுமார் 2.08 சதுர மி.மீ., 12 என்பது 3.31.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "வரைபடம் படிக்கத் தெரியும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தரநிலைப் படங்களில் எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் அதையொட்டித்தான் கேள்வி வரும், பதிலும் உங்களிடம் இருக்கும்.