65 இன்ச் டிவியும் பழைய பாக்ஸும்

குழு: தெற்குத் தெரு வீடு

பெரியப்பா: 32 இன்ச் டிவியை மாற்றப் போகிறேன். கடையில் 65 இன்ச் 4கே பார்த்தேன், கண்ணைப் பறிக்கிறது. சோபாவிலிருந்து சுவர் எட்டு அடி. வாங்குவது படம் பார்க்கத்தான், செய்திக்கு இல்லை. முரளி, நீ என்ன சொல்கிறாய்?

கவிதா: வாங்குங்கள் அப்பா. 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28 இல்லை, 18 சதவீதம்தான்.

முரளி: பெரியப்பா, கடையில் ஓடுவது டெமோ வீடியோ. வெளிச்சம், கலர் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். நம் வீட்டில் அதில் எது ஓடப்போகிறது என்பதை முதலில் பார்க்கணும். கேபிள் பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த வயர் போகிறது? பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா: 📷 மஞ்சள், சிவப்பு, வெள்ளை.

முரளி: அது சாதா எஸ்டி பாக்ஸ். அதில் வருவது 720க்கு 576, மொத்தம் நாலு லட்சம் புள்ளி சொச்சம். 4கே டிவியில் 83 லட்சம் புள்ளி. கேபிள் தருகிற ஒவ்வொரு புள்ளியையும் வைத்து டிவி இருபது புள்ளியை நிரப்பணும், அதை 65 இன்ச்சில் பார்த்தால் எல்லோர் முகமும் மெழுகு பூசினது போல இருக்கும். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். பாக்ஸ் மட்டும் போதாது, எச்டி சேனல்களையும் பேக்கில் சேர்க்கச் சொல்லணும், அதற்குச் சேனல் நம்பரே வேறு.

அத்தை: வயரையும் சொல்லு முரளி. எங்கள் வீட்டில் எச்டி பாக்ஸ் வைத்தவர் பழைய வயரையே செருகிவிட்டுப் போய்விட்டார். ஹெச்டிஎம்ஐ வயர் மாற்றின பிறகுதான் டைட்டில் எழுத்தே பளிச்சென்று தெரிந்தது.

பெரியப்பா: சரி. 4கே சேனல் கேபிளில் வருமா?

முரளி: நம் தெருக் கேபிளில் எச்டி வரைதான். 4கே என்றால் ஓடிடி, அதிலும் 4கே பிளான் எடுக்கணும். நெட்பிளிக்ஸ் 15 எம்பிபிஎஸ் நெட் வேகம் கேட்கிறது, உங்கள் பைபர் நெட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

பெரியம்மா: எனக்கு வசனம் கேட்கணும். பாட்டு வந்தால் தெருவுக்கே கேட்கிறது, பேசினால் காதில் விழவே மாட்டேன் என்கிறது. ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முரளி: நியாயம் பெரியம்மா. மெல்லிசு டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்து இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், 65 வேண்டாம். எட்டு அடிக்கு 55 தாராளம், குறுக்கே நாலு அடி வரும். மிச்சப் பணத்தில் 3.1 சவுண்ட்பார் வாங்குங்கள், வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும். ஏஆர்சி என்று எழுதின ஹெச்டிஎம்ஐ பாயிண்டில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம்.

பெரியப்பா: இன்னொன்று. பக்கத்து வீட்டுப் புது டிவியில் படம் பார்த்தேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சினிமா மாதிரியே இல்லை, சீரியல் ஷூட்டிங் பார்ப்பதுபோல இருந்தது. டிவி கோளாறா?

முரளி: கோளாறு இல்லை, செட்டிங். சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். டிவி நடுவில் தானாகவே பிரேம்களை உண்டாக்கித் திணிக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். டாம் குரூஸ் இதை அணைக்கச் சொல்லி 2018-ல் வீடியோவே போட்டார். பிலிம்மேக்கர் மோட் இருக்கிற டிவியாகப் பாருங்கள், அதில் இது தானாகவே அணைந்துவிடும். முதலில் மஞ்சள் தட்டினது போல இருக்கும், கண் பழகிவிடும். கேமராமேன் ஒரு காட்சியை இருட்டாக எடுத்திருந்தால் அது இருட்டாகத்தான் தெரியணும். கலரையும் வெளிச்சத்தையும் ஏற்றிக் காட்டுகிற விவிட் மோடில் போட்டு அவர் உழைப்பைக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

கவிதா: டிவி மாட்ட வருகிறவர் மேலே கீழே கறுப்புப் பட்டை வரக்கூடாது என்று சூம் வைத்துவிட்டுப் போவார், அதையும் பாருங்கள் அப்பா.

பெரியப்பா: விடமாட்டேன். 1973-ல் ராஜராஜ சோழன், தமிழில் முதல் சினிமாஸ்கோப், தியேட்டரில் பார்த்தவன் நான். அந்த அகலத்தை யாரும் வெட்டக்கூடாது.

முரளி: சூம் வைத்தால் இரண்டு ஓரமும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விடும். அதேபோல பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அவற்றின் சொந்த அகல உயர அளவான 4:3-ல் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிடும். பாக்ஸிலும் ஒரு செட்டிங் உண்டு, டிவியிலும் உண்டு, இரண்டையும் பார்க்கணும்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன். பென்டிரைவில் படம் கொண்டு போனால் போட்டுக் காட்டுவார்களா?

முரளி: கேளுங்கள், போடுவார்கள். இரவுக் காட்சி உள்ள படமாக எடுத்துப் போங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியம்மா: நானும் வருகிறேன். சவுண்ட்பாரில் பாட்டு போட வேண்டாம், பேசுகிற காட்சி போடச் சொல்லுங்கள்.