சந்தேகம்: காசினோ துப்பறியும் கதை – "அதான் கேமரா இருக்கே" என்ற ஓட்டையை எப்படி அடைப்பது?

மைக்கூடு கேட்டது:

எழுதிக்கொண்டிருப்பது கொலை, ரத்தம் இல்லாத இலகுவான துப்பறியும் கதை. நாயகி பிளாக்ஜாக் டீலர், அதாவது அந்தச் சீட்டாட்ட டேபிளில் கார்டு போடுபவள். அவளுடைய டேபிளில் ஒரு கைக்கு அதிகபட்சப் பந்தயம் 50. இரவு டேபிளை மூடும்போது தினமும் சரியாக 400 குறைகிறது, பழி அவள்மேல் விழுகிறது. உண்மையில் எடுப்பது, அவளுடைய 20 நிமிட இடைவேளையில் மாற்றாக வந்து நிற்கும் டீலர்.

வரைவைப் படித்த மூன்று பேரும் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டார்கள்: தலைக்கு மேல் கேமரா இருக்கும்போது இவள் எதற்குத் துப்பறிய வேண்டும்? அடுத்து, ஏழாம் அத்தியாயத்தில் அவள் பணம் எண்ணும் அறைக்குள் நுழைவதை யாரும் நம்பவில்லை. முடிவில் அந்த டீலரின் கூட்டாளி, ரூலெட் (சுழல் சக்கர ஆட்டம்) டேபிளின் வண்ணச் சிப்களை (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) கேஜில் (காசினோவின் பணக் கவுண்டர்) காசாக்கப் போய் மாட்டுகிறான். இதுவாவது தேறுமா?

பேரேடு பதில்:

கேமராவுக்கு முன்பே ஒரு ஓட்டை இருக்கிறது. "இரவில் 400 குறைகிறது" என்று யாராலும் சொல்லவே முடியாது. ஒவ்வொரு கையிலும் யாருக்கு எவ்வளவு போனது என்று டேபிளில் எழுதி வைப்பதில்லை. ஷிப்ட் முடிவில் போடும் கணக்கு இவ்வளவுதான்: மூடும்போது டீலர் முன்னுள்ள தட்டில் இருக்கும் சிப், டிராப் பாக்ஸில் (ஆட்டக்காரர்கள் சிப் வாங்கத் தரும் பணத்தைப் போடும் பூட்டிய பெட்டி) விழுந்த பணம், கேஜுக்குத் திரும்பிப் போன சிப், இவற்றைக் கூட்டி, திறக்கும்போது இருந்த சிப்பையும் நடுவில் கேஜிலிருந்து வந்த கூடுதல் சிப்பையும் (இதுதான் ஃபில்) கழிக்க வேண்டும். மிச்சம்தான் டேபிளின் வரவு.

திறப்பு 40,000, ஃபில் 10,000, பெட்டியில் 18,000, மூடும்போது 36,000 என்று வையுங்கள். வரவு 4,000. அதில் 400 திருடு போயிருந்தால் உண்மையில் 4,400 வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 4,400 எந்தத் தாளிலும் இருக்காது. ஆட்டக்காரர்களுக்கு நல்ல இரவு என்றுதான் மேலே நினைப்பார்கள்.

இது உங்கள் கதைக்குக் கிடைத்த வரம். திருட்டு நடப்பதே யாருக்கும் தெரியாது; தெரியாத ஒன்றைத் தேடி யாரும் கேமராப் பதிவைப் புரட்ட மாட்டார்கள். முதலில் மோப்பம் பிடிப்பவள் நாயகியாக இருக்கட்டும், அதுவும் ஃபில் சீட்டு வழியாக. தட்டில் சிப் தீர்ந்தால் கேஜிலிருந்து காவலாளி கொண்டுவருவார். எந்த மதிப்பில் எத்தனை என்று சீட்டில் இருக்கும். டீலரும் சூப்பர்வைசரும் கையெழுத்திட வேண்டும். 50 உச்சவரம்புள்ள டேபிளில் பிளாக்ஜாக் (முதல் இரண்டு கார்டிலேயே 21) அடித்தாலும் 3:2 கணக்கில், அதாவது பந்தயத்தில் ஒன்றரை மடங்கு, 75தான் போகும். அப்படியிருக்க அடிக்கடி 100 மதிப்புள்ள சிப் கேட்டு ஃபில் வருவது ஏன்? தான் கையெழுத்திட்ட சீட்டே அவளை உறுத்த வேண்டும். பழி விழுவதை அதற்குப் பிறகு வையுங்கள்: அவள் கேள்வி கேட்டதும், அத்தனை சீட்டிலும் இருப்பது அவள் கையெழுத்துதானே என்று சூப்பர்வைசர் திருப்பிக் கேட்கட்டும்.

பிட்வாசி பதில்:

ஃபில் சீட்டு அருமையான தடயம். திருடும் முறைக்கு சிப் கப் பொருந்தும். பார்வைக்கு ஐந்து சிவப்புச் சிப் அடுக்கியது போலிருக்கும்; மேல் சிப் மட்டும் நிஜம், கீழே வெறும் கூடு. உள்ளே நான்கு சிப் அடங்கும், உங்கள் 400க்குக் கச்சிதம். (பல இடங்களில் சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100.)

கூட்டாளி காலிக் கப்பை நீட்டி ஒரு பச்சை கேட்கிறான். டீலர் கப்பைத் தட்டில் வைக்கும் சாக்கில் நான்கு கறுப்பின்மேல் கவிழ்க்கிறார். சற்று நேரம் கழித்து அதே பச்சையைக் கொடுத்து சிவப்பு கேட்கிறான். நிறைந்த கப் திரும்பிப் போகிறது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இரண்டுமே சரியான மாற்றல். டீலர் கிளம்பும்போது இரு கையையும் தட்டி, உள்ளங்கை, புறங்கை காட்டிவிட்டுப் போகலாம். அவரிடம் ஒன்றும் இருக்காது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவரால் செய்ய முடியாது. சிப் மாற்றும்போது ஐந்தையும் கேமரா எண்ணும்படி மேசையில் பரப்பிக் காட்டுவது நடைமுறை. கப் பரவாது. ஆகவே பதிவில் தெரிவது ஒரு கை அசைவு இல்லாமல் போனதுதான். திரையில் பத்து டேபிளைப் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார். நாளெல்லாம் அதைச் செய்யும் டீலர் தவறவிட மாட்டாள்.

கண்காணிப்பு அறைக்குள் டீலரை விடமாட்டார்கள், அந்தப் பிரிவு டேபிள் மேலாளர்களுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். கதையில் ஏழு நாள் என்று வைத்தால் பழையது அழிவதற்குள் எந்த இருபது நிமிடத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லியாக வேண்டும். கேமரா இருந்தும் துப்பறிவாளர் தேவைப்படுவது அதனால்தான்.

மைக்கூடு:

மிக்க நன்றி. அந்த இருபது நிமிடத்தை அவள் எப்படிக் குறிப்பாகச் சொல்வாள்? அப்போது அவள் டேபிளிலேயே இல்லையே?

பேரேடு பதில்:

தட்டை வைத்துத்தான். கிளம்பும்போது 11 கறுப்பு, திரும்பும்போது 7. யாராவது சிறு சிப்பைக் கொடுத்துப் பெரியதாக மாற்றியிருந்தால் 400க்கு 80 சிவப்பு, அதாவது இருபது இருபதாக நான்கு அடுக்கு, அல்லது 16 பச்சை தட்டில் ஏறியிருக்கும். ஏறவில்லை.

இதில் ஒரு சந்து இருக்கிறது, வாசகர் கண்டுபிடிப்பார்: யாராவது 400 பணமாகக் கொடுத்துக் கறுப்பாகவே கேட்டிருக்கலாம். பணம் டிராப் பாக்ஸுக்குள் போய்விடும், டீலரால் பார்க்க முடியாது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும். மூன்றாம் இருக்கையில் தினமும் வரும் ஒரு பாட்டியை உட்கார வையுங்கள், யார் எப்போது பணம் மாற்றினார்கள் என்று விரல் மடக்கிச் சொல்வார். இந்த வகைக் கதைக்கு ருசியே அந்தப் பேச்சுதான்.

சக்கரம் பதில்:

ரூலெட் முடிவு தேறாது. வண்ணச் சிப்புக்கு அந்த டேபிளுக்கு வெளியே மதிப்பில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுப்பது யார் பந்தயம் எது என்று பிரித்தறியத்தான். எழும்போது அதே டேபிளில் சாதாரணச் சிப்பாக மாற்றவேண்டும்; கேஜில் வாங்க மாட்டார்கள்.

எண்ணும் அறை அத்தியாயத்தையும் எடுத்துவிடுங்கள். டிராப் பாக்ஸைத் திறக்கும் சாவிகள் வெவ்வேறு பிரிவினரிடம் இருக்கும், எண்ணுபவர்கள் பை இல்லாத உடையில் இருப்பார்கள், டீலருக்கு அங்கே வேலையே இல்லை.

மைக்கூடு:

இரண்டையும் வெட்டிவிட்டேன். அப்படியானால் அவன் எங்கே மாட்டுவான்? நேர்மையான டீலரிடம் கப்பை நீட்ட மாட்டானே?

பிட்வாசி பதில்:

நீட்ட வேண்டாம், ஏற்கெனவே தட்டில் இருக்கட்டும். அவள் மூன்று நிமிடம் முன்னதாகத் திரும்பி மாற்று டீலரின் தோளைத் தட்டுகிறாள். நடக்கும் கையை முடித்து, கைகளைக் காட்டி, அவர் விலகியே ஆகவேண்டும், மறுக்க வழியில்லை. நிறைந்த கப் சிவப்பு வரிசையிலேயே நின்றுவிடுகிறது. கூட்டாளிக்கு வியர்க்கிறது. இவள் அதை எடுத்துவிடுவதற்குள் தன் கைக்கு வரட்டும் என்று ஒரு பச்சையைத் தள்ளி, "சிவப்பா குடுங்க" என்கிறான்.

அவள் வழக்கம்போல் ஐந்தை எடுத்துப் பரப்புகிறாள். பரவவில்லை. நிஜச் சிப்புக்கு மேல் மாட்டுவதால் கூடு மயிரிழை அகலம். விரல் அதையும் உணரட்டும், ஆனால் அந்த அகலத்தை இரண்டாம் அத்தியாயத்திலேயே, தட்டின் பள்ளத்தில் சிவப்பு அடுக்கு ஒன்று சற்றே இறுகி உட்கார்ந்ததாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவள் கப்பைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. இரு கையையும் மேசையிலிருந்து எடுத்து, "ஃப்ளோர்!" என்று சூப்பர்வைசரைக் கூப்பிடவேண்டும். தூக்கினால் கேமராவில் கறுப்புச் சிப்போடு தெரிவது அவள் கை.